தனி ஆள்

அன்புள்ள வீட்டம்மாவுக்கு,

நான் நலம். நீயும் பாப்பாவும் அங்கே நலமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

நம் குடும்ப வரலாற்றில் குறித்து வைக்கவேண்டிய ஒரு முடிவு சென்ற வாரம் எடுக்கப்பட்டது. நாற்காலியில் உட்காரும்போது இனிமேல் என் இரண்டு கைகளும் மடிமேல் இருக்கும். வலது கை மேலே, இடது கை கீழே. இதற்கு முன்னால் அவை எங்கே இருந்தன என்று நீ கேட்கலாம். எனக்கும் தெரியவில்லை. இத்தனை வருடம் எங்கேயோ இருந்திருக்கின்றன, யாரும் புகார் சொன்னதில்லை. ஆனால் நான் போகும் மாலை வகுப்பில் இதைப் பற்றி நீண்ட விவாதம் நடந்தது. மார்பில் கட்டிக்கொண்டால் திமிர், மேசைமேல் வைத்தால் உரிமை கொண்டாடுவது, தொடையில் தேய்த்தால் பயம், சட்டைப் பையில் விட்டால் திருட்டுத்தனம் என்று ஒவ்வொரு இடமாகத் தள்ளுபடியாகி, கடைசியில் மடி என்று தீர்மானமானது. முடி வெட்டும் கடையில் வேலை பார்க்கும் பெண்மணி மட்டும், கை சும்மா இருந்தால் தனக்குத் தூக்கம் வந்துவிடும் என்று ஆட்சேபித்தார். பெரும்பான்மை அவரை மீறி முடிவெடுத்தது.

அது என்ன வகுப்பு, உங்களுக்குத்தான் ஆங்கிலம் தெரியுமே என்று எழுதியிருந்தாய். தெரியும்தான். அச்சகத்தில் உட்கார்ந்து அத்தனை வருடம் ஆங்கிலப் புத்தகங்களுக்கும் சேர்த்துப் பிழை திருத்தியவன் நான். ஆனால் அச்சில் இருக்கும் ஆங்கிலம் நல்ல சுபாவம் உடையது. நான் திரும்பத் திரும்பப் பார்த்து முடிக்கும்வரை தாளிலேயே காத்திருக்கும். இங்கே மனிதர்கள் வாயில் இருக்கும் ஆங்கிலத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. முதல் மாதத்தில் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளர் என்னிடம் ஏதோ கேட்டார், நான் மனதுக்குள் அழகான ஒரு வாக்கியத்தைத் தயாரித்து நிமிர்ந்தபோது அவர் சாப்பிடப் போயிருந்தார். ஆகவே வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கும் வகுப்பில் சேர்ந்துவிட்டேன். என்னைப் போல வாய் திறக்காத பெரியவர்கள்தான் அங்கே எல்லோரும்.

வகுப்பு நடக்கும் கட்டடம் பகலில் மழலையர் பள்ளி. நாற்காலிகளும் அந்த வயதுக்குச் செய்தவை. முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்துகொண்டு, தன்னம்பிக்கையோடு தோற்றமளிப்பது எப்படி என்று பயில்கிறோம். சுவரில் ஒரு பக்கம் யானை, ஒரு பக்கம் ரயில் வரைந்திருக்கிறார்கள். சுருக்கமாகப் பதில் சொல்பவர்களுக்கு டீச்சரம்மா ரயில் பக்கம் இடம் தருகிறார். நான் இப்போதைக்கு யானை பக்கம்.

டீச்சரம்மா நம் மொழிக்காரர்தான். வகுப்பில் அதைக் காட்டிக்கொள்ள மாட்டார், கோபமோ சந்தோஷமோ வந்தால் மட்டும் தானாக வெளியே வந்துவிடும். என்னைவிடச் சின்னவர். முன்பு ஒரு பெரிய கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாராம். பிரசவ விடுப்பு முடிந்து திரும்பிப் போனபோது அவருடைய நாற்காலியில் வேறொருவர் இருந்திருக்கிறார். அதிலிருந்து மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களுக்குப் பாடம் எடுக்கிறார். நன்றாகவே எடுக்கிறார்.

முதல் பாடம், ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்.’ இதில் வகுப்பு மொத்தமும் தோற்றோம். எங்கள் ஆஸ்பத்திரியில் துணி வண்டி ஓட்டுகிறவர் ஒருவர் என்னோடு படிக்கிறார். அவரை முதலில் எழுப்பினார்கள். அவர் தன் அப்பாவில் தொடங்கி, அம்மாவின் முழங்கால் வலியைக் கடந்து, மூத்த பெண் கணக்கில் கெட்டிக்காரி, நடுப்பையன் சாப்பிட அடம்பிடிப்பான், கடைக்குட்டிக்குக் குளிர் வந்தால் இழுப்பு என்று வந்துகொண்டிருந்தபோது டீச்சரம்மா நேரத்துக்கு வைத்திருந்த மணி அடித்துவிட்டது. நான் உங்களைப் பத்திக் கேட்டேங்க என்றார் டீச்சரம்மா. அதைத்தானே சொல்லிக்கிட்டிருக்கேன் என்றார் ஓட்டுநர். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அடுத்து எழுந்தவர்களும் அப்படியே. நான் நம் பாப்பாவின் பல் விழுந்ததுவரை வந்துவிட்டேன். அவ்வளவு நேரமும் எங்களில் ஒருவர்கூடத் தன் வேலையைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

இனி நீ கேட்ட விஷயம். விதி தெளிவாக இருக்கிறது. நிரந்தர வேலை ஒன்று வேண்டும், குடும்பத்தோடு இருக்க வேலை கொடுப்பவர்கள் ஒதுக்கும் வீடு ஒன்று வேண்டும். இரண்டும் இருந்தால் உனக்கும் பாப்பாவுக்கும் இந்த நாட்டுக்கு வர அனுமதி கிடைத்துவிடும். என்னைப் போன்ற தற்காலிகக்காரன் விண்ணப்பத்தை அவர்கள் கையால்கூடத் தொடுவதில்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் குடும்பக் குடியிருப்பு இருக்கிறது. துணி வண்டியில் ஏறிப் போகும்போது பார்ப்பேன். இரண்டு அறை, ஒரு சமையலறை, துணி காயக் கொடி கட்ட வசதியாகப் பின்பக்கம். சலவைக்கூடத்தில் ஏதாவது நிரந்தர இடம் காலியாகும் என்று பேச்சு இருக்கிறது.

உன் அண்ணி தையல் மிஷினை உங்கள் அறையில் கொண்டுவந்து வைத்ததைப் பற்றி நீ ஒரே வரியில் எழுதியிருந்தாய். அந்த ஒரு வரியை நான் பலமுறை படித்தேன். போனில் பேசலாம் என்றால் உன் அண்ணி பக்கத்திலேயே நிற்கிறார், நீயும் எல்லாம் நலம் என்றே சொல்கிறாய். கடிதம்தான் மேல். உன் அண்ணனிடம் நான் கேட்டதாகச் சொல். கொஞ்ச நாள்தான் என்றும் சொல்.

பாப்பாவுக்கு என் முத்தங்கள். விழுந்த பல்லைப் பத்திரமாக வைக்கச் சொல், நான் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அன்புக் கணவன்


அன்புள்ள வீட்டம்மாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். கடிதம் வந்தது. நான் என்ன கேட்டாலும் ‘உங்கள் கை இப்போது எங்கே இருக்கிறது’ என்றே பதில் எழுதியிருக்கிறாய். மடியில்தான் இருக்கிறது. எழுதும்போது மட்டும் ஒன்றுக்கு விலக்கு.

பேச்சாக இருந்தது உண்மையாகிவிட்டது. துணி அறைப் பொறுப்பாளர் பணி ஓய்வு பெறுகிறார். நிரந்தர இடம். சலவையாகி வரும் துணிகளை வார்டு வாரியாகப் பிரித்து அனுப்புவதும், கிழிந்ததைத் தனியே எடுப்பதும், நோயாளிகள் படுக்கை விரிப்போடு சேர்த்து அனுப்பிவிடும் பொருள்களைக் காப்பதும் வேலை. மூக்குக் கண்ணாடி, மோதிரம், காது மிஷின் எல்லாம் வரும். பல்செட் மட்டும் ஒரு டப்பா நிறையக் காத்திருக்கிறது. சிரிப்பதற்கு யாரும் திரும்பி வந்து கேட்கவில்லைபோல. நானும் விண்ணப்பித்திருக்கிறேன், துணி வண்டி ஓட்டுநரும் விண்ணப்பித்திருக்கிறார். அவர் வீட்டிலிருந்தும் ‘எப்போது’ என்றுதான் கடிதம் வருகிறதாம். போட்டி போடுகிறவர்கள் ஒரே வண்டியில் வேலைக்குப் போய், ஒரே குட்டி நாற்காலி வரிசையில் உட்கார்ந்து, ஒரே பதிலை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறோம்.

வகுப்பில் இப்போது ‘உங்கள் பலவீனம் என்ன’ என்ற பாடம் முடிந்துவிட்டது. இங்கே பலவீனம் என்பது பலத்துக்கு அழுக்குச் சட்டை போட்டு அழைத்து வருவது. முடி வெட்டும் கடைப் பெண்மணி தன் பலவீனம் இடுப்பு வலி என்றார், அதை உடனே வாபஸ் வாங்கச் சொன்னார்கள். ஓட்டுநர், என் கடைக்குட்டிதாங்க என்றார். நான், அச்சில் ஒரு புள்ளி தவறினாலும் எனக்குச் சோறு இறங்காது என்றேன். டீச்சரம்மாவுக்குப் பரம திருப்தி. இதுதான் பலவீனம், எல்லாரும் பாத்துக்குங்க என்றார். என்னை ரயில் பக்கம் மாற்றினார்கள். உனக்குத் தெரியும், அந்தக் குணத்தைப் பற்றி நீ வேறு மாதிரிச் சொல்வாய்.

அடுத்த பாடம் குடும்பம். டீச்சரம்மா இதை எடுக்கும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார். அவர்கள் நேராகக் கேட்க மாட்டார்களாம். அன்பாகத்தான் கேட்பார்களாம். கேள்விகளெல்லாம் முடிந்த மாதிரி பேனாவைக் கீழே வைப்பார்கள், வீடு எப்படி, யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று அக்கறையாக விசாரிப்பார்கள். நாம் உருகிப்போய் எல்லாவற்றையும் கொட்டுவோம். நீங்க குடும்பம்னு சொன்னா அவங்க மனசுல லீவுன்னு எழுதிக்குவாங்க, புள்ளைக்குக் காய்ச்சல்னு ஒரு லீவு, பொண்டாட்டிக்கு முடியலன்னு ஒரு லீவு, நான் அந்தப் பக்கம் உக்காந்து எழுதினவ, எனக்குத் தெரியும் என்றார். அதனால் எல்லோருக்கும் ஒரே பதில் தந்திருக்கிறார். ‘நான் தனி ஆள். வேலைதான் என் குடும்பம்.’ கடைசிச் சொல்லில் இலேசாகச் சிரிக்க வேண்டும்.

நான் கண்ணாடி போட்டிருப்பதாலும் முகத்தில் பொதுவாக ஒன்றும் தெரியாது என்பதாலும், பயிற்சியில் கேள்வி கேட்கும் அதிகாரியாக என்னைத்தான் உட்கார வைக்கிறார்கள். எனக்கு மட்டும் டீச்சரம்மாவின் பெரிய நாற்காலி. ஓட்டுநர் என் எதிரே வந்து உட்கார்ந்தார். கையெல்லாம் சரியாக வைத்தார். வண்டியைப் பற்றி, டயரைப் பற்றி, மழையில் ஓட்டுவதைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் அருமையாகப் பதில் சொன்னார். நான் பேனாவைக் கீழே வைத்தேன். குடும்பம் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் வாயைத் திறந்தார், மூடினார், திரும்பத் திறந்தார். மணி அடித்தது. மறுபடி செய்யச் சொன்னார்கள், மறுபடியும் அதேதான். வார்த்தை தெரியுது டீச்சர், வாய் வர மாட்டேங்குது, மூணும் எதிர்ல நின்னு என்னையே பாக்கற மாதிரி இருக்கு என்றார். பயிற்சிதானே, நெஜமா சொல்லச் சொல்றோமா, மனச இறுக்கிக்கிட்டுச் சொல்லுங்க என்றார் டீச்சரம்மா. அவர் எழுந்து யானை பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு என்னை எதிர்ப்பக்கம் உட்காரவைத்துக் கேட்டார்கள். நான் முதல் தடவையிலேயே சொல்லிவிட்டேன். சிரிப்பும் சரியான இடத்தில் வந்தது. வகுப்பில் கை தட்டினார்கள்.

அன்று ஓட்டுநரின் வண்டியிலேயே திரும்பி வந்தேன். இறங்குகிற இடம் வந்ததும், எப்படி சார் அவ்ளோ சுளுவா வந்துச்சு உங்களுக்கு என்று கேட்டார். பயிற்சிதானே என்றேன்.

இதை உனக்கு எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். நீ இதை வேறு மாதிரி எடுத்துக்கொள்ள மாட்டாய் என்று தெரியும், அதனால் எழுதுகிறேன். வெறும் பதில். துணி அறைக்குள் நுழைய ஒரு சாவி. உள்ளே போனதும் சாவியைத் தூக்கிப் போட்டுவிட்டு உங்களை வரவழைத்துவிடலாம்.

கட்டிலையும் எடுத்துவிட்டார்களா? பாப்பா தரையில் படுத்தால் இருமுவாள், பழைய கம்பளியை இரண்டாக மடித்து அடியில் போடு. உன் அண்ணியிடம் கட்டிலைப் பற்றி ஒன்றும் கேட்காதே. வீடு அவர்களுடையது. உன் அண்ணனும் எத்தனை நாள்தான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று சிரித்துக்கொண்டிருப்பார்.

நேர்முகத் தேர்வு அடுத்த வாரம். சட்டைக்கு ஆஸ்பத்திரி இஸ்திரி மிஷினே இருக்கிறது. படுக்கை விரிப்பைப் போல மடித்துத் தருகிறது, அவ்வளவுதான் குறை. பாப்பாவை எனக்காக வேண்டிக்கொள்ளச் சொல். காரணம் சொல்ல வேண்டாம், பிறகு ஊர் முழுக்கச் சொல்லிவிடுவாள்.

இப்படிக்கு,
உன் அன்புக் கணவன்


அன்புள்ள வீட்டம்மாவுக்கு,

வேலை கிடைத்துவிட்டது.

இந்த ஒரு வரியோடு கடிதத்தை முடித்திருந்தால் நீ சந்தோஷப்பட்டிருப்பாய். நான் பிழை திருத்துகிறவன், பாதியில் நிறுத்தத் தெரியாது. உட்கார்ந்து படி. பாப்பா தூங்கிய பிறகு படித்தால் நல்லது.

தேர்வு அறையில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் பணியாளர் பிரிவு அம்மையார். அவருக்கு வலது பக்கம் சலவைக்கூட மேற்பார்வையாளர். தினமும் பார்க்கிற என்னை அன்று முதல்முறையாகப் பார்ப்பதுபோல வரவேற்றார், நானும் அவரை முதல்முறையாகப் பார்ப்பதுபோல வணங்கினேன். மூன்றாமவர் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார், முடிவில் இந்த அறையைக் கண்டுபிடிக்கச் சிரமப்பட்டீர்களா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். அதைக் குறித்துக்கொண்டார்.

நன்றாகவே பேசினேன். உனக்கு நம்பிக்கை வராது, ஆனால் உண்மை. கிழிந்த விரிப்பை எந்த அளவுவரை தைக்கலாம், எப்போது தூக்கிப் போடவேண்டும் என்று கேட்டார்கள். சொன்னேன். நோயாளியின் மோதிரம் வந்தால் என்ன செய்வீர்கள் என்றார்கள். சொன்னேன். என் பலவீனத்தைச் சொன்னபோது மேற்பார்வையாளர் தலையாட்டினார். வாக்கியங்கள் தாமாக வந்தன. அச்சகத்தில் இருந்த ஆங்கிலமெல்லாம் எனக்காக எழுந்து நின்று வாயைத் திறந்தது மாதிரி இருந்தது.

பிறகு அம்மையார் பேனாவைக் கீழே வைத்தார். குரலை மாற்றிக்கொண்டு, உங்களுக்குக் குடும்பம் இருக்கிறதா, வீட்டில் யாராவது காத்திருக்கிறார்களா என்று கேட்டார். பேனா கீழே போனதை நான் பார்த்தேன். டீச்சரம்மா சொன்னதுபோலவே நடக்கிறதே என்று எனக்குள் ஒரு பெருமைகூட வந்தது. நான் தனி ஆள், வேலைதான் என் குடும்பம் என்றேன். இலேசாகச் சிரித்தேன். அவரும் சிரித்தார். பேனாவை எடுத்து ஏதோ எழுதினார்.

ஓட்டுநர் எனக்கு அடுத்து உள்ளே போனார், நெடுநேரம் கழித்து வந்தார். மூணு புள்ளைங்க பேரையும் கேட்டாங்க சார், கடைக்குட்டி இழுப்புக்கு என்ன மருந்துன்னுகூடக் கேட்டாங்க, ஆனா துணியப் பத்தி நான் சொன்னது அவங்களுக்கு ஒண்ணும் புரிஞ்ச மாதிரி தெரியல என்றார். தேர்வுப் பட்டியலில் அவர் பெயர் இரண்டாவது. இடம் ஒன்றுதான்.

வேலைக்கான உத்தரவை வாங்கப் போனபோது தங்க இடம் எது என்று கேட்டேன். பணியாளர் விடுதியில் ஒரு அறை ஒதுக்கியிருப்பதாகச் சொன்னார்கள். ஒற்றைக் கட்டில் அறை. குடும்பக் குடியிருப்பு என்ன ஆயிற்று என்றேன். அம்மையார் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஓய்வு பெற்றவரின் வீடு காலியாக இருந்தது, அதற்காகத்தானே அன்று உங்களிடம் குடும்பத்தைப் பற்றிக் கேட்டேன், தனி ஆள் என்று சொல்லிவிட்டீர்களே, சமையற்கூடத்தில் ஒருவருக்கு ஒதுக்கியாகிவிட்டது என்றார்.

மடிமேல் வைத்திருந்த கையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டேன். அம்மா, குடும்பம் இருந்தால், என்று ஆரம்பித்தேன். அவர் நல்ல பெண்மணிதான். கதவைச் சாத்திவிட்டு வந்து மெதுவாகப் பேசினார். தேர்வில் சொன்னது ஒன்று, உண்மை வேறொன்று என்று ஆகிவிட்டால் உத்தரவைத் திரும்ப வாங்கத்தான் விதி சொல்கிறது, போன வருடம் இல்லாத சான்றிதழை இருப்பதாகச் சொன்ன ஒருவரை அப்படித்தான் அனுப்பினோம், அதனால் யோசித்து வாக்கியத்தை முடியுங்கள் என்றார். பிறகு என்னைப் பார்க்காமல் மேசையிலிருந்த தாள்களை அடுக்க ஆரம்பித்தார்.

அவர் அடுக்கி முடிக்கும்வரை எனக்கு நேரம் இருந்தது. நான் என்னென்ன யோசித்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உத்தரவு போனால் தற்காலிக இடத்துக்குத் திரும்ப முடியாது, அங்கே வேறொருவரைப் போட்டாகிவிட்டது. ஊருக்குத் திரும்பி வந்தால் அச்சகம் இல்லை, மூடியாகிவிட்டது. உன் அண்ணன் வீட்டில் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் நானும் ஒரு ஓரமாக உட்கார வேண்டும். இதையெல்லாம் யோசித்துவிட்டு, வாக்கியத்தை முடித்தேன். குடும்பம் இருந்தால், அதாவது இனிமேல் எப்போதாவது கல்யாணம் செய்துகொண்டால், வீடு கிடைக்குமா என்று கேட்டேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. பணி உறுதியான பிறகு கட்டாயம் கிடைக்கும், பணி உறுதியாவதற்கு இரண்டு வருடம் ஆகும், அதற்குப் பிறகு திருமணச் சான்றிதழைக் கொண்டுவந்து கொடுத்தால் போதும் என்றார். நல்ல பெண்ணாகப் பாருங்கள் என்று கை குலுக்கினார். பார்த்துவிட்டேன் என்று சொல்லவில்லை.

ஆக நிலவரம் இது. ஆஸ்பத்திரியைப் பொறுத்தவரை நான் கல்யாணத்துக்கு நிற்கும் பையன். தலையில் நரை இருப்பதால் சற்றுக் காலதாமதமான பையன். நீ யாரென்று எனக்கு இன்னும் தெரியாது. இரண்டு வருடம் கழித்து உன்னை முறைப்படி சந்தித்து மணந்துகொள்ள வேண்டும். பாப்பாவை என்ன செய்வது என்பதற்கு விதியில் ஒன்றும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். கல்யாணத்துக்கு முந்தியே முன்பல் விழுந்த பெண்ணை எந்தப் பத்தியின் கீழ் கொண்டுவருவது என்று அவர்கள் யோசித்திருக்கவில்லை.

டீச்சரம்மாவிடம் போய்ச் சொன்னேன். நான் இருந்த எடத்துல அப்படிக் கேட்டா அதுக்கு ஒரே அர்த்தம்தாங்க என்றார். அப்புறம், வீடு குடுக்கறதுக்காகக் கேக்கற ஆளுங்களும் இருக்காங்கன்னு எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கலியே என்றார். அவருடைய குழந்தை பக்கத்தில் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தது. அந்த நாற்காலி அதற்கு அளவாக இருந்தது. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. உனக்கு வந்தாலும் காட்டாதே, அவர் தனக்கு நடந்ததைத்தான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்.

விடுதிக்கு வந்துவிட்டேன். அறை சுத்தமாக இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் குடும்பக் குடியிருப்பின் பின்பக்கம் தெரிகிறது. சமையற்கூடத்துக்காரர் கொடி கட்டிவிட்டார். ஓட்டுநர் தினமும் துணி இறக்கும்போது, பேச்சுலர் சார், விருந்து எப்போ என்று கேட்கிறார். என்னைப் பற்றித் தெரிந்தவர் இங்கே அவர் ஒருவர்தான், யாரிடமும் சொல்ல மாட்டார். இந்த வேலை அவருக்குக் கிடைத்திருந்தால் இந்த நேரம் அவர் வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார்கள் என்று நான் நினைக்கும்போதெல்லாம் அவர் அடுத்த மூட்டையை என் தோளில் வைத்துவிடுகிறார்.

இப்போது உன்னிடம் ஒரு வேண்டுகோள். விடுதிக் காப்பாளர் நம் மொழிக்காரர், நல்ல மனிதர், அதுதான் சங்கடம். தபாலை அவர்தான் அறை அறையாகக் கொண்டுவந்து தருகிறார், எங்கிருந்து, யார், என்ன விசேஷம் என்று கேட்டுவிட்டுத்தான் நகர்கிறார். போனையும் அவர்தான் எடுக்கிறார். இனி உறையின் பின்பக்கம் உன் பெயரோடு ‘தங்கை’ என்று சேர்த்து எழுது. போன் செய்தால், அண்ணன் இருக்காங்களா என்று கேள். பாப்பா படம் வரைந்து அனுப்பினால் அட்டையாக அனுப்பாதே, உறைக்குள் மடித்து வை. மேலே அவள் எழுதும் அந்த ஒரு வார்த்தை வெளியே தெரிய வேண்டாம். அவளுக்கு இதையெல்லாம் எப்படிச் சொல்வாய் என்று எனக்குத் தெரியவில்லை. விளையாட்டு என்று சொல்லிப் பார். உனக்கு நீயே எப்படிச் சொல்லிக்கொள்வாய் என்பதை நான் கேட்கவில்லை.

உன் அண்ணனிடம் வேலை கிடைத்ததை மட்டும் சொல். அண்ணியிடம் வீடு தயாராகிக்கொண்டிருக்கிறது என்று சொல். அது பொய் இல்லை, எந்த வீடும் எப்போதும் ஏதாவது ஒன்றுக்குத் தயாராகிக்கொண்டுதான் இருக்கிறது. கட்டிலுக்கு ஏற்பாடு செய்கிறேன். பாப்பாவைத் தரையில் படுக்க விடாதே. நீ வேளைக்குச் சாப்பிடு. எனக்குக் கோபமாகக் கடிதம் எழுது, உறை மட்டும் சரியாக இருந்தால் போதும், உள்ளே என்ன வேண்டுமானாலும் எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உள்ளே எழுதுவதை யாரும் பார்க்கப்போவதில்லை என்ற தைரியத்தில்,

இப்படிக்கு,
உன் கணவன்

பி.கு.: மாலை வகுப்பில் படித்து நிரந்தர வேலை வாங்கிய முதல் ஆள் நான்தானாம். வகுப்பை நடத்தும் நிர்வாகத்தினர் மிகவும் மகிழ்ந்து, டீச்சரம்மா வேண்டாமென்று சொல்லியும், தேர்வில் நான் சொன்ன பதில்களை அச்சடித்துப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். பிழை பார்க்க என்னிடம்தான் வந்தது. பிழை ஒன்றும் இல்லை.